உதவித்தொகை வரும், கட்டணத் தேதிக்குள் வராது

மழை பெய்யும் நாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பொறியியல் கல்லூரிகள் முதலாண்டுக் கட்டணத்தைக் கேட்பதோ அந்த மழை நாள்களில்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், மரத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டிய தோட்டங்களைத் தவிர மற்ற இடங்களில் வெட்டு நின்றுவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இரண்டாவது முறையாக அதை நிறுத்தும். கோடையின் தொடக்கத்தில் இலையுதிர்வுக் காலம் வேறு இருக்கிறது. தினக்கூலிக்குப் பால் வெட்டும் ஒரு குடும்பம், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில் கல்லூரிக்கு ஒரு பெருந்தொகையைக் கட்ட வேண்டும் என்பதில்தான் எங்கள் சிக்கல் முழுவதும் அடங்கியிருந்தது.

2024-ஆம் ஆண்டுப் பொறியியல் கலந்தாய்வில் என் அக்காள் மகளுக்கு மதுரைப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அத்தான் பால்வெட்டுத் தொழிலாளி. அக்கா அண்டியாபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்பின் தோல் உரிக்கப் போகிறாள். மார்த்தாண்டம் பக்கத்தில் வேறொரு அண்டியாபீஸில் கணக்கெழுதும் வேலை என்னுடையது என்பதால், விண்ணப்பம், சான்றிதழ், வங்கி என்று காகிதம் சம்பந்தப்பட்ட அனைத்தும் இயல்பாகவே என் தலையில் வந்து சேர்ந்தன. உதவித்தொகைகளைப் பற்றி எங்கும் கிடைக்கும் தகவல் 'இன்ன திட்டம், இன்ன தொகை' என்ற அளவில் நின்றுவிடுகிறது. எந்தத் தொகை எந்த மாதத்தில் கைக்கு வரும், அதுவரை கட்டணத்தை யார் தாங்குவது என்பதை எவரும் சொல்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்த வருடம் நான் வைத்திருந்த நோட்டில் திட்டத்தின் பெயருக்கு எதிரே தொகையை எழுதுவதற்கு முன்பே, 'பணம் யாருக்குப் போகும், எப்போது போகும்' என்று இரண்டு கட்டங்களைப் போட்டுக்கொண்டேன். கணக்கெழுதுபவனின் பழக்கம் அது. பிறகு எல்லா முடிவுகளும் அந்த இரண்டு கட்டங்களை வைத்தே எடுக்கப்பட்டன.

முதலில், எங்களுக்கு அடைபட்டிருந்த கதவைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அதன்கீழ் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது என்பதால், தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் திருச்சபைகளும் பிற அமைப்புகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. பிள்ளைகளில் பெரும்பங்கினர் அங்கேதான் படிக்கிறார்கள். 'அதுவும் அரசு சம்பளம் கொடுக்கிற பள்ளிதானே' என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உதவிபெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் சேராது என்பது கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. என் மருமகள், அதாவது அக்காள் மகள், படித்ததும் உதவிபெறும் பள்ளிதான்.

திறந்திருந்த கதவுகளில் முதலாவது, முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாத நிலையில், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு கல்லூரிக்கு நேரடியாகச் செலுத்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடையாது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர் ஆகியோரைத்தான் இதில் குடும்பம் என்று கொள்கிறார்கள். நான் பி.காம் முடித்தவன் என்பதால், 'மாமன் டிகிரி படிச்சவன், பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்?' என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தது. அக்காவும் அதை நம்பி விண்ணப்பிக்கவே தயங்கினாள். மாமனும் சித்தப்பனும் அந்தப் பட்டியலில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. வீட்டுக்கு வீடு செய்தித்தாள் படிப்பார்கள். ஆனாலும் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும் கடற்கரை ஊர்களிலும் முதல் பட்டதாரிக்குத் தகுதியுள்ள பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள். யாரோ சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி அதை விட்டுவிட வேண்டாம்.

இச்சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமானது. விடுதி, சாப்பாடு, பேருந்து, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றை இது தொடாது. சுயநிதிக் கல்லூரியில் அவை கல்விக் கட்டணத்துக்கு ஈடாகவோ கூடுதலாகவோ வரும். எனவே 'முதல் பட்டதாரி கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை' என்று எண்ணிவிட முடியாது.

சான்றிதழ்களுக்கு வருகிறேன். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று ஆகிய மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சான்று ஒன்றுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே ஏறும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபின் விண்ணப்பித்தால் மாவட்டம் முழுவதும் அதே வாரத்தில் வந்து நிற்கும். மார்ச் மாதப் பொதுத்தேர்வு முடிந்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், நாங்கள் விண்ணப்பித்துவிட்டோம். அப்படியிருந்தும் ஒரு கேள்வி எழுந்தது. அத்தானின் பழைய சாதிச் சான்றில் கல்குளம் வட்டம் என்று இருந்தது; பிற்பாடு திருவட்டார் தனி வட்டமாகப் பிரிந்தபோது எங்கள் கிராமம் அதற்குள் போய்விட்டது. ஒரே குடும்பத்தின் இரண்டு காகிதங்களில் இரண்டு வட்டங்கள் இருப்பதைக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய சான்றோடு குடும்ப அட்டையின் நகலையும் வைத்து, வட்டம் பிரிந்ததையும் ஊர் மாறாததையும் ஒரு தாளில் விளக்கி இணைத்தபின் சரியாயிற்று. இப்படிப் புதிதாகப் பிரிந்த கிள்ளியூர், திருவட்டார் வட்டங்களில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தபோது அத்தான் வீட்டில் இருந்தது நல்லதாயிற்று. "மாசம் எத்தனை நாள் வெட்டு உண்டு?" என்று கேட்டார். "மழை இல்லேன்னா இருபது, இருபத்திரண்டு நாள் உண்டு சார். ஆடியில ஒண்ணும் இல்ல" என்றார் அத்தான். அலுவலர் மேற்கொண்டு, வருடத்தில் எத்தனை மாதம் முழு வேலை, ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர்) விற்ற பணத்தில் பங்கு உண்டா, அக்காவுக்கு அண்டியாபீஸில் என்ன கூலி என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். அக்காவுக்கு வருங்கால வைப்பு நிதி பிடிப்பதற்கான சீட்டு இருந்தது. அதை நானே எடுத்துக் காட்டினேன். காட்டினால் வருமானம் கூடிவிடுமே என்று அக்கா கண்ணைக் காட்டினாள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகைக்கு வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய். கல்விக் கடன் வட்டி மானியத்துக்கு நாலரை லட்சம். இருவர் கூலியையும் சேர்த்தாலும் இரண்டரை லட்சத்துக்குள்தான் நின்றது. உண்மை வருமானமே வரம்புக்குள் இருக்கும்போது, அதையும் பாதியாகக் குறைத்து எழுதச் சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அதே சான்றைத்தான் பிறகு வங்கியிலும் நீட்ட வேண்டும். அங்கே வாய்வழியாக ஒரு தொகையும் சான்றில் வேறொரு தொகையும் வந்தால் மேலாளரின் பார்வை மாறிவிடும்.

சான்று கிடைத்ததும் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, கோப்பைத் தரவிறக்கிக் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

பெயர் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் நின்றுபோனது அங்கேதான். மதிப்பெண் பட்டியலில் மருமகளின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து முதலெழுத்தாக இருந்தது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர் முழுவதும் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது திறந்த வங்கிக் கணக்கில் முதலெழுத்து பின்னால் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதியது ஒன்று என்று மூன்றும் மூன்று சான்றுகளில் ஏறியிருக்கும் வீடுகளும் உண்டு. மனிதர் பார்த்தால் ஒரே ஆள்தான் என்று புரிந்துகொள்வார்; கணினி புரிந்துகொள்ளாது. மதிப்பெண் பட்டியலை மாற்றுவது கடினம் என்பதால் அதையே அடிப்படையாக வைத்து, ஆதாரை அதற்கேற்பத் திருத்தி, பிறகு ஆதாருக்கேற்ப வங்கிக் கணக்கைத் திருத்தினோம். வரிசையை மாற்றிச் செய்தால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய நேரும்.

அடுத்தது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருப்பது. அரசின் உதவித்தொகைகள் ஆதாரை வைத்து நேரடியாகக் கணக்குக்குப் போகின்றன. வங்கியில் 'ஆதார் கொடுத்தாயிற்று' என்று பாஸ்புத்தகத்தில் முத்திரை இருந்தாலும், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காகத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பதிவில் அந்தக் கணக்கு ஏறியிருக்க வேண்டும். அது தனி வேலை. ஒருவருக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எது அந்தப் பதிவில் ஏறியதோ அதற்கே பணம் போகும். மை ஆதார் தளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தால், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி பதிவாகியிருக்கிறது, அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. உதவித்தொகை வரவில்லை என்று மாதக்கணக்கில் கல்லூரி அலுவலகத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு இதைப் பார்த்துச் சொன்னேன். பணம் அந்தப் பிள்ளை மறந்தே போயிருந்த அஞ்சலக வங்கிக் கணக்கில் ஒழுங்காக வந்து குவிந்திருந்தது.

ஆதார் என்றால் அதோடு இணைந்த கைப்பேசி எண்ணும் சேர்த்தே. தூத்தூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர் ஆழ்கடல் மீன்பிடி விசைப்படகில் போகிறவர். போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மகனுடைய ஆதார் அவருடைய எண்ணோடு இணைந்திருந்தது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) போய்ச் சேர வேண்டிய கைப்பேசி அரபிக்கடலில் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. வளைகுடாவில் தகப்பன் வேலைபார்க்கும் வீடுகளிலும் இதே கதைதான். பிள்ளையின் ஆதாரில் பிள்ளையின் எண்ணோ தாயின் எண்ணோ இருக்கும்படி பதினோராம் வகுப்பிலேயே மாற்றிவிட வேண்டும்.

ஆகஸ்டில் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. ஒதுக்கீட்டை ஏற்றுச் சேர்வதாக உறுதிசெய்தால் குறித்த சில நாளைக்குள் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். அங்கே அலுவலகத்தில், முதல் பட்டதாரிச் சலுகைப் பணம் அரசிடமிருந்து வந்ததும் திருப்பித் தருவதாகவும், இப்போது முழுக் கட்டணத்தையும் கட்டும்படியும் சொன்னார்கள். ஒதுக்கீட்டு ஆணையில் முதல் பட்டதாரி என்ற குறிப்பு இருந்தது. சான்றின் நகலும், மாணவியும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் கையில் இருந்தன. வாக்குவாதம் செய்வதில் பலன் இருக்கவில்லை. கல்லூரி அலுவலகத்து மேசை ஓரத்திலேயே அமர்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்:

"எங்கள் மகள் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக முதல் பட்டதாரிச் சலுகையுடன் தங்கள் கல்லூரியில் இடம் பெற்றுள்ளார். சான்றின் நகலும் கூட்டு உறுதிமொழியும் இணைக்கப்பட்டுள்ளன. சலுகைத் தொகை நீங்கலான கல்விக் கட்டணத்தை இன்று செலுத்துகிறோம். விடுதிக் கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் கோரியுள்ளோம். அதை இரண்டு தவணைகளில் செலுத்த அனுமதித்து, கடனுக்குத் தேவையான பயிலும் சான்றும் நான்காண்டுக் கட்டண விவரமும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதன் இன்னொரு படியில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். வாய்வழியாகக் கேட்டபோது முடியாது என்றவர்கள், முத்திரை கேட்டபோது உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, விடுதிக் கட்டணத்தை இரண்டு தவணையாக்க ஒப்புக்கொண்டார்கள். சலுகைத் தொகையையும் கழித்துக்கொண்டார்கள். எல்லாக் கல்லூரியும் இறங்கி வரும் என்று சொல்ல மாட்டேன். கோரிக்கையைத் தொகையோடும் தேதியோடும் எழுத்தில் வைத்தால், மறுப்பவர் அதே எழுத்தில் மறுக்க வேண்டிவரும். பெரும்பாலான அலுவலகங்கள் அதை விரும்புவதில்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் இன்னும் வலுவான பிடி இருக்கிறது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியிலும் அவர்களுடைய கட்டணத்தை அரசு ஏற்பதற்கு 2012-ஆம் ஆண்டின் அரசாணை 92 இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் மதம் மாறிய குடும்பங்கள் பல, இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் என்று வருவதால், கல்வி உதவியிலும் அப்படித்தான் என்று நினைத்து ஆதிதிராவிடர் நலத்துறைப் பக்கமே போவதில்லை. உதவித்தொகைக்கு அவர்கள் அந்தத் துறைக்குத்தான் போக வேண்டும். அரசாணையின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சேர்க்கைக்குப் போவது பேச்சைக் குறைக்கும்.

இனி வங்கி. 2015 ஆகஸ்ட் 15-இல் தொடங்கப்பட்ட வித்யாலட்சுமி தளத்தில் ஒரே படிவத்தை நிரப்பி மூன்று வங்கிகள் வரை அனுப்ப முடிந்ததால் அதன் வழியாகவே விண்ணப்பித்தோம். எவ்வளவு கேட்பது என்பதைத்தான் நீண்ட நேரம் யோசித்தோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், நான்கு லட்சம் ரூபாய் வரை பெற்றோர் தம் பங்காக முன்பணம் போட வேண்டியதில்லை, சொத்துப் பிணையமும் வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் செலவில் ஐந்து சதவீதத்தை நாம் போட வேண்டும். ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையைக் கழித்துவிட்டு, விடுதியையும் மிச்சக் கல்விக் கட்டணத்தையும் நான்கு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தபோது தொகை நான்கு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. மடிக்கணினியைக் கடனிலிருந்து நீக்கிவிட்டு நான்குக்குள் நிறுத்தினோம். கடனைக் குறைவாக வாங்கு என்ற அறிவுரை எல்லோரும் சொல்வதுதான். எந்த எல்லைக்குள் நிறுத்தினால் எந்த நிபந்தனை விலகும் என்று பார்ப்பதுதான் அதில் பயனுள்ள பகுதி.

முதல் கிளையில், கல்லூரி மதுரைப் பக்கம் இருப்பதால் அங்கேயே கேளுங்கள் என்றார்கள். இன்னொன்றில் எங்கள் ஊர் அவர்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். எல்லையைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை மரியாதையாக நினைவூட்டி, "மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதித் தாருங்கள் சார், முன்னோடி வங்கி மேலாளரிடம் காட்டணும்" என்றேன். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைப்பவர் அவர். அந்தக் கிளை மேலாளர் கோபித்துக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தை எடுத்து வைக்கச் சொன்னார். அக்காவின் பெயரில் மகளிர் குழுக் கடன் ஒன்றும், வீட்டு நகைமேல் ஓர் அடகும் இருந்தன. இரண்டிலும் தவணை தவறவில்லை என்பதால் கடன் மதிப்பெண்ணில் சிக்கல் வரவில்லை. கூட்டுக் கடன்தாரராகத் தகப்பனைப் போடுவதா தாயைப் போடுவதா என்பதை இந்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவுசெய்வது புத்திசாலித்தனம். கடனோடு ஒரு காப்பீட்டுப் பாலிசியும் எடுக்கச் சொன்னபோது, அது கடனுக்கான நிபந்தனையா என்று மட்டும் கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது.

வட்டி மானியம் குறித்து, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே வங்கிக்குக் கொடுத்துவிடும். ஆனால் அந்தக் கல்லூரிக்கு நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு) அங்கீகாரமோ, அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமோ இருக்க வேண்டும். விருப்பப் பட்டியலை நிரப்பும்போது கட்-ஆப் மதிப்பெண்ணைப் பார்க்கும் நாம், இந்த அங்கீகாரத்தையும் பார்த்து வரிசைப்படுத்தினால் நான்கு வருட வட்டி மிச்சமாகும். மானியத்துக்குப் பெயர் பதிவாகிவிட்டதா என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்யும் பொறுப்பு நம்முடையது. தேசியத் தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி என்ற தனித் திட்டம் இருக்கிறது. அதில் எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில் மூன்று சதவீத வட்டிச் சலுகை உண்டு. எங்களுக்கு அது பொருந்தவில்லை.

வங்கிப் பணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குத்தான் போகும். அது போய்ச் சேர்ந்தபோது செப்டம்பர் பாதி கடந்திருந்தது. ஆகஸ்ட் மாதத்தை, அக்காவின் வளையல் இரண்டைக் கூட்டுறவு வங்கியில் வைத்துத் தாண்டினோம். கையிருப்பு நகையைக் குறுகிய காலத்துக்கு வைப்பதில் தவறேதும் எனக்குத் தெரியவில்லை. கடன் வந்ததும் மீட்கும் தேதியை முன்பே தீர்மானித்து, சீட்டுப் பணம் விழும் மாதத்தோடு அதைப் பொருத்தி வைத்திருந்தோம். வட்டிக்கு விடுபவரிடம் போவது வேறு விஷயம், அந்தப் பேச்சை அத்தான் எடுத்தபோது மருமகளே, "மாமா, அப்படின்னா நான் நாகர்கோவில்லயே பி.எஸ்சி. சேருறேன்" என்று சொல்லிவிட்டாள். "அது கடைசி வழி மக்ளே, முதல்ல இதப் பார்ப்போம்" என்றேன்.

பிரகதி உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தோம். தொழில்நுட்பப் படிப்பில் முதலாண்டு சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. வருமான வரம்பு எட்டு லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள். மருமகளின் பெயர் பட்டியலில் வரவில்லை. வேறு அரசு உதவித்தொகையோடு சேர்த்து இதைப் பெற முடியாது என்பதால், கிடைத்திருந்தால் எதை விடுவது என்று கணக்குப் போட வேண்டியிருந்திருக்கும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் முகத்தைக் காட்டிப் பதிவுசெய்யும் முறை வந்துவிட்டதால், சிக்னல் இல்லாத மலையோர வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்ய முயல வேண்டாம். விண்ணப்பித்த பிறகு கல்லூரியின் பொறுப்பாளர் அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டாரா என்று தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எதிர்பாராமல் வந்த உதவி புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கிய அது, உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் விரிந்தது. தாலிக்குத் தங்கம் தந்த பழைய திருமண உதவித் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். சீர் நகையின் பவுன் கணக்கிலேயே பெண்ணின் எதிர்காலத்தைப் பேசும் எங்கள் ஊர்களுக்கு அது தேவையான மாற்றம் என்பது என் எண்ணம். மற்ற உதவித்தொகை வாங்கினாலும் மாதம் 1,000 ரூபாய் இதில் தனியாக வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழி என்பதைப் பள்ளி மாணவர் விவரங்கள் ஏறும் எமிஸ் தளத்தின் பதிவை வைத்துச் சரிபார்க்கிறார்கள். கல்லூரி அதைக் கல்லூரி மாணவர்களுக்கான யூ.எம்.ஐ.எஸ். தளத்தில் ஏற்றுகிறது. மருமகள் பதினோராம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறியிருந்தால் இந்தக் கதவும் மூடியிருக்கும். பையன்களுக்கு, 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டம் இதே தொகையைத் தருகிறது.

இரண்டாம் ஆண்டில் வேலை பாதியாகக் குறைந்தது. புதிய வருமானச் சான்றை மே மாதத்திலேயே வாங்கியாயிற்று. வங்கி அடுத்த தவணையை விடுவிக்க மதிப்பெண் பட்டியலும் கட்டணக் கோரிக்கைக் கடிதமும் போதுமானதாக இருந்தன. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகையில் முதலாண்டுக்கு உரியது இரண்டாமாண்டில்தான் கணக்கில் ஏறியது. அதைத் தேர்வுக் கட்டணத்துக்கென்று தனியாக வைத்துவிட்டோம்.

இப்போது மருமகளின் தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அது அவனுடைய அக்காளோடு முடிந்துவிட்டது. ஆனால் அவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. நடுவில் ஒருமுறை வேறு அரசுப் பள்ளிக்கு மாறியிருப்பதால், இரண்டு பள்ளிகளிலும் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை படித்தான் என்பதற்கான சான்றைத் தலைமையாசிரியர்களிடம் எழுதி வாங்கி, எமிஸ் பதிவில் இடைவெளி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவனுடைய ஆதாரில் இன்னும் அத்தானின் பழைய எண்தான் இருக்கிறது. வெட்டு இல்லாத ஒரு மழை நாளில் இருவரும் இ-சேவை மையத்துக்குப் போய் அதை மாற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு.